பால் மரம்

சொக்சோ கவுண்டரில் பதினாறு வருடம்.
கை போனவர், கண் போனவர், புருஷன் போனவள்,
யார் வந்து உட்கார்ந்தாலும்
"எப்படி நடந்துச்சு?" என்றுதான் தொடங்குவேன்.
பாரத்தில் ஒன்பதாம் கட்டத்துக்கு நாலு கோடு.
எந்த விபத்தையும்
நாலு கோட்டுக்குள் அடக்கிவிடத் தெரியும் எனக்கு.

அதனால்தான்
கோலாலம்பூரில் அந்தக் கோப்பு மேசைக்கு வந்தபோது
கை நடுங்கவில்லை.
நேராகக் காரணத்துக்குப் போனேன்.
கூரை சரிவு. மூவர் மரணம்.
ச்சோங் ஃபாட்.
அங்கமுத்து.
மூன்றாமவருக்கு வில்லை எண் மட்டும்: 212.

அடியில் சாட்சிகள்.
நான்காவது: வையாபுரி, மாட்டுவண்டிக்காரன்,
பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தோட்டம்.
அம்மாவின் பெரியப்பா.

வீட்டில் சொன்ன கதை வேறு.
பெரியப்பா நிலக்கரி வெட்டினார்,
மண் விழுந்தது, மாரியாத்தா கை கொடுத்தாள்,
அதற்குத்தான் ஆடிக்கு ஆடி
மூன்று சேவல்.
ஒரு உயிருக்கு எதற்கு மூன்று என்று
ஒருவரும் கேட்டதில்லை.

அவர் சுரங்கத்தில் இறங்கியதே இல்லை.
இறக்கியது முட்டுக் கட்டைகளை.

கேள்வி: என்ன மரம் ஏற்றினாய்?
பதில்: பால் மரம்.
கேள்வி: ஒப்பந்தத்தில் செங்கால் மரம் அல்லவா?
பதில்: கிராணி காட்டினதை ஏத்தினேன்.
கேள்வி: பால் மரம் மண்ணுக்கடியில் எத்தனை நாள் தாங்கும்?
இந்த இடத்தில் துபாஷி ஒரே வரி எழுதியிருக்கிறார்,
எழுத்து கொஞ்சம் சாய்ந்து:
சாட்சி பதில் சொல்லவில்லை.

பால் வற்றிய கிழட்டு மரங்கள்,
மறுநடவுக்காகச் சாய்த்தவை.
மூன்றாம் வாரம் நீலம் பாரிக்கும்.
அப்புறம் வண்டு. அப்புறம் மாவு.
விறகு பொறுக்கும் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்
தோட்டத்தில்.
வண்டி பிடித்த கைக்குத் தெரியாமலா?

முடிவு: தொழிலாளரின் கவனக்குறைவு.
எனக்குப் பழகிய வாசகம்.
எத்தனை தடவை நானே டைப் செய்திருக்கிறேன்,
மதிய சாப்பாட்டுக்கு முன் முடித்துவிட வேண்டுமென்று.
கிராணியைக் கூப்பிடவில்லை.
துரையைக் கூப்பிடவில்லை.
வையாபுரிக்கு வாடகைப் பாக்கி
பதினொன்றரை வெள்ளி, கணக்கு நேர்.
கீழே பெருவிரல்.
மை அதிகமாகி
ரேகை பாதி தெரியவில்லை.

வாசலுக்கு வந்து அம்மாவை அழைத்தேன்.
"பெரியப்பா எப்பிடிம்மா இருப்பாரு?"
கொஞ்சம் யோசித்தாள்.
"தட்டுவாரு."
"எதை?"
"லயத்துக் கட்டைங்கள.
படுக்கிறதுக்கு முந்தி ஒவ்வொரு கால்லயும்
விரல் முட்டியால தட்டி, காது வெச்சுக் கேப்பாரு.
எங்க வீட்ல மட்டுமா? பக்கத்து வீட்லயும்.
திட்டிக்கிட்டே கதவத் தொறந்து விடுவாங்க.
காத்துக் கருப்புன்னு
மந்திரிச்சுக் கயிறுகூட கட்டினோம்."

நான் கோப்பைப் பற்றிச் சொல்லவில்லை.
சாப்பிட்டாயா என்று கேட்டேன்.
கருவாட்டுக் குழம்பு என்றாள்.

212-க்குப் பெயர் தேடினேன்.
சம்பளப் பட்டியலில் அந்தப் பக்கம்
செல்லரித்துப் போயிருந்தது.
அதுவும் மாவு.

ஞாயிற்றுக்கிழமை சுரங்கம் இருந்த இடத்துக்குப் போனேன்.
இப்போது ஏரி.
பச்சையாய், அடி தெரியாமல்,
கரையில் ஐஸ் பெட்டிகளும் தூண்டில்களும்.
தண்ணீருக்குள் நீளும் பலகை மேடையில் நடந்து
கடைசிக் கட்டையருகே குனிந்தேன்.
என்ன மரமோ, பாசி பிடித்திருந்தது.
விரலை மடக்கித் தட்டினேன்.
காதை வைத்தேன்.
மறுபடி தட்டினேன்.

"அக்கா," என்றான் தூண்டில்காரப் பையன்,
திரும்பிப் பாராமல்,
"தட்டாதீங்க.
மீனு ஓடிரும்."